ஏற்காட்டு மலையில் ஏற்றிப் பார்த்து பழைய ஹாட் ஹேட்ச் வாங்குவது எப்படி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். உள்ளங்கையை டயர் பட்டன் மேல் வைத்து வெளி ஓரத்தில் இருந்து உள் ஓரத்துக்கு ஒரு தடவு, அங்கிருந்து திரும்ப வெளியே ஒரு தடவு. போகும்போது வழவழவென்றும் வரும்போது அரம் மாதிரி சுரசுரவென்றும் இருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கும் கோணம், விலகியிருக்கிறது. வெளி ஓரம் மட்டும் உருண்டு தேய்ந்திருந்தால் வளைவுகளில் விரட்டி ஓட்டிய வண்டி. உள் ஓரம் மட்டும் மொட்டை என்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, போயிருக்கும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருப்பார்கள். "நம்ம வண்டி டவுனுக்குள்ள மட்டுந்தாங்க ஓடுச்சு" என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருப்பார். அது உண்மையா என்று என் கைக்குத் தெரிந்துவிடும்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் எங்களுக்கு டயர், அலைன்மென்ட் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு சின்ன வயதில் இருந்தே ஹாட் ஹேட்ச் என்றால் உயிர். குடும்பத்துக்கு என்று செய்த சின்ன கார், பின்னால் மேலே தூக்கும் கதவு, உள்ளே மட்டும் சூடான இன்ஜின். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வரும் வழியில் செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதே காரில் மலை ஏறலாம். ஒரே காரில் இத்தனையும் முடிகிறதே என்பதுதான் எனக்குப் பிடித்தது.

போன மாதம் சூரமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி வந்தார். 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், "அக்கா, ஒருக்கா வந்து பாத்து சொல்றீங்களா?" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஷோரூம் எதிரே நேர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து இந்த வகை வண்டியை வாங்காதீர்கள். நமக்குப் பக்கத்திலேயே 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

ஆனால் மலை ஏறும் முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹாட் ஹேட்ச் ஒவ்வொரு தலைமுறையிலும் தன் வேகத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது. ஒன்றுக்கு எடையில், ஒன்றுக்குக் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவில், ஒன்றுக்கு கியர்பாக்ஸில், இப்போது வருவதற்கு எலெக்ட்ரானிக்ஸில். வேகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி முதலில் களைக்கும், செலவும் அங்கேதான் வரும். நீங்கள் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

வேகம் எங்கே இருக்கிறது

1975ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ என்று ஒன்றை வைத்தார்கள். அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன், 110 குதிரைத்திறன். ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்று நினைத்து ஆரம்பித்ததுதான். முதல் தலைமுறை முடியும்போது நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. 110 என்பது இன்று பெரிய எண் இல்லை. ஆனால் அந்தக் கார் மொத்தமே 810 கிலோ. நம் பழைய மாருதி 800ஐ விட இரண்டு, இரண்டரை ஆள் எடைதான் கூட. 1984ல் பிரான்சில் பெஜோ 205 ஜிடிஐ வந்தது, அதுவும் இதே ஜாதி. அந்தக் காலத்து வண்டிக்குப் பின்பக்கம் லேசு. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வரும். ஓட்டுகிறவர் கைதான் அதற்கு எலெக்ட்ரானிக்ஸ்.

டயர்க்காரி என்பதால் நான் டயரில்தான் இந்த மாற்றத்தைப் பார்க்கிறேன். முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 175/70 ஆர்13. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 175ல் 70 சதவீதம் என்றால் 122 மில்லிமீட்டர் ரப்பர். 2025ல் அதே ஜிடிஐயின் எட்டாவது தலைமுறை நம் நாட்டுக்கு இறக்குமதியாகி வந்தது. அதற்கு 225/40 ஆர்18. கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர். ஐம்பது வருடத்தில் ரிம் ஐந்து அங்குலம் பெரிதாகி, ரப்பர் இரண்டு விரல்கடை வற்றிவிட்டது. வண்டி 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது, குதிரைத்திறன் 265. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அன்று ஒன்பது விநாடி ஆனது, இன்று ஆறு விநாடிக்குள். எடை கூடியதால் திறனைக் கூட்டினார்கள், திறன் கூடியதால் பிரேக்கைப் பெரிதாக்கினார்கள், பிரேக் உள்ளே உட்கார ரிம் பெரிதானது, வளைவில் டயர் நெளியாமல் இருக்கச் சுவரைக் குறைத்தார்கள். ஒன்று இழுக்க இன்னொன்று வந்தது.

நடுவில் நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் கார்கள் பருத்தன, இன்ஜின் அந்த அளவுக்கு வளரவில்லை. 1997ல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் டர்போ இல்லாமலே 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன் எடுத்தது, ஆனால் அது முழுதாக வர இன்ஜின் நிமிடத்துக்கு 8,200 சுற்று சுற்ற வேண்டும். 2004ல் ஐந்தாவது கோல்ஃப் ஜிடிஐ 2 லிட்டர் டர்போவும் 200 குதிரைத்திறனும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுமாக வந்து, ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பித்து வைத்தது. 2013ல் மெர்சிடிஸ் ஏ45 ஏஎம்ஜி அதே 2 லிட்டரில் 360 குதிரைத்திறனைத் தொட்டு, நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்தது.

நம் ஊரில் இந்தக் கதை தாமதமாகத் தொடங்கியது. 2001ல் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் வந்தது, 100 குதிரைத்திறன், டர்போ கிடையாது. எங்கள் அப்பா அதைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினார், நான் வண்டி பழகியதும் அதில்தான். 2013ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போவில் 105 குதிரைத்திறன், ஏழு கியர் இரட்டை கிளட்ச். 2015ல் அபார்த் புன்டோ, 1.4 டர்போ, 145 குதிரைத்திறன், பத்து லட்சத்துக்கும் கீழே. 2017ல் பலீனோ ஆர்எஸ். 2018ல் டியாகோ ஜேடிபி. அந்த ஜேடிபியில் முதல் எழுத்து நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டாவோடு சேர்ந்து செய்தது. 114 குதிரைத்திறன் வண்டியை ஆறரை லட்சத்துக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். கொங்கு நாட்டு ரேஸ் மூளை ஒரு சின்ன காரில் இறங்கியது எனக்கு இன்றும் பெருமை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வருவதற்குள் அபார்த், பலீனோ ஆர்எஸ், ஜேடிபி மூன்றும் இல்லாமல் போயின. போலோ புது 1 லிட்டர் இன்ஜினோடு 2022 வரை தாக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு புதிதாக வந்தவை என்றால் 2021ல் ஐ20 என் லைன், 2024ல் அல்ட்ராஸ் ரேசர், இரண்டுக்கும் 120 குதிரைத்திறன். ஆக நம்மில் பலருக்கு ஹாட் ஹேட்ச் என்றாலே பழைய வண்டிதான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "வண்டிய காலைல நான் வந்துதாங்க ஸ்டார்ட் பண்ணணும்." இரவு முழுக்க ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால், முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கட்டும், இன்னொரு நாள் வருகிறோம் என்று வந்துவிடலாம்.

டயர் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். நாலு டயரிலும் அதைப் படியுங்கள், ஸ்டெப்னியிலும் படியுங்கள். 2014 வண்டிக்கு ஸ்டெப்னியில் 2014 இருப்பது நியாயம். ஓட்டும் டயரில் ஆறு வருடத்துக்கு மேல் பழையது இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. முன் இரண்டு மட்டும் புதுசு, பின் இரண்டு பழசு என்றால், முன் டயர் எப்படித் தேய்ந்தது என்பதை நமக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

பக்கச் சுவர் மெலிந்த டயரில் இன்னொன்று பார்க்க வேண்டும். 195/55 ஆர்16, அபார்த், பலீனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் எல்லாம் இந்த அளவுதான். குழியில் இறங்கினால் சுவரில் எலுமிச்சம்பழம் ஒளித்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு வரும், உள்ளே நூல் அறுந்ததற்கு அடையாளம். அந்த டயரோடு மலை ஏறாதீர்கள். ரிம்மின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளியே பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே வளைவு தெரியும்.

பிரேக் டிஸ்கின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால், தேய்ந்த டிஸ்கில் ஒரு திட்டு நகத்தைத் தடுக்கும். லேசாகத் தடுத்தால் சரி, நகம் நின்றுவிட்டால் டிஸ்க் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டியதுதான். கூலன்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா, நிறமுள்ள கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு என்று செய்யப்பட்டவை இல்லை. அதனால் பெட்ரோல் குழாய்கள், ரப்பர் சீல்கள் பக்கம் மூக்கை வைத்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். வாசம் வரக்கூடாது.

டயர் காற்றை ஆறின டயரில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வைத்துக்கொள்ளுங்கள். காற்று தப்பாக இருந்தால் பின்னால் வரும் சோதனை எதுவும் சரியாக வராது.

ஏறும்போது

காலை ஐந்தரைக்கு அஸ்தம்பட்டியில் இருந்து கிளம்புங்கள். கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம். சனி, ஞாயிறு வேண்டாம், மே மாதக் கோடை விழா சமயம் வேண்டவே வேண்டாம். வேகம் நாற்பதைத் தாண்ட வேண்டிய தேவை எந்தச் சோதனைக்கும் இல்லை. இது பஸ்ஸில் வேலைக்கு இறங்கும் மலைக்காரர்களின் ரோடு, காட்டுமாடு குறுக்கே வரும் ரோடு. யாருக்காவது தன் ஓட்டுத்திறனைக் காட்ட வேண்டும் என்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக் இருக்கிறது, அங்கே போங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஏசியைப் போடுங்கள், இரண்டு பேர் உட்காருங்கள், பாட்டை நிறுத்துங்கள்.

கொண்டை ஊசி வளைவு ஒரு நல்ல மெக்கானிக். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது முன்னால் இருந்து "டக் டக் டக்" என்று சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வந்தால் இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு, சிவி ஜாயின்ட், போகப்போகிறது. வலது வளைவில் வந்தால் இடது பக்க ஜாயின்ட்டையும், இடது வளைவில் வந்தால் வலது பக்க ஜாயின்ட்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். நேர் ரோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் இது தெரியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று விடுபட்டால் அதை மேலே தாங்கும் ஸ்ட்ரட் மவுன்ட் போயிருக்கிறது. பிரேக் அடித்தவுடன் ஒரே ஒரு "டொக்" என்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது.

இனி தலைமுறைக்கு வருவோம்.

டர்போ இல்லாத வண்டி, பாலியோ மாதிரி. உயரம் நூறு மீட்டர் கூடினால் இன்ஜின் திறனில் சுமார் ஒரு சதவீதம் குறையும், காற்று மெலிவதால். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏறுகிறோம். 100 குதிரைத்திறனில் பன்னிரண்டு மலையிலேயே தங்கிவிடும். அதனால் மேலே போகப் போகக் கொஞ்சம் சோர்ந்தால் பயப்படாதீர்கள், அது வண்டியின் குறை இல்லை. பார்க்க வேண்டியது, இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது சீராகச் சுற்று ஏறுகிறதா, நடுவில் திக்குகிறதா என்பதை. அப்பா எனக்குப் பழக்கும்போது, "கியரை மாத்தாத, அது பாடட்டும்" என்பார். வேகம் எடையிலும் சுற்றிலும் இருக்கிற வண்டி அது. சுற்றவிட்டால்தான் பேசும். இந்த வயது வண்டியில் ரப்பர் புஷ், இன்ஜின் மவுன்ட், டைமிங் பெல்ட் மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபியட் இப்போது இங்கே கார் விற்பதில்லை, ஆகவே பார்ட்ஸ் யாரிடம் கிடைக்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் வண்டியைத் தேடுங்கள்.

டர்போ வண்டிக்கு உயரம் பெரிதாகத் தெரியாது. மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும். பத்தாவது வளைவில் இழுத்த மாதிரியே இருபதாவதிலும் இழுக்க வேண்டும். மேலே போகப் போக மூச்சு வாங்கினால் டர்போ குழாயில் எங்கோ காற்று ஒழுகுகிறது, இல்லாவிட்டால் டர்போ களைத்திருக்கிறது. மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருந்து மெல்ல அழுத்திப் பாருங்கள். அபார்த் புன்டோ கீழே சோம்பலாக இருந்துவிட்டு திடீரென்று பிடித்து இழுக்கும், அது அதன் குணம். அந்த இழுப்பில் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பக்கம் போகும். கொஞ்சம் போனால் இயல்பு, வண்டியே லேன் மாறினால் அலைன்மென்ட்டோ புஷ்ஷோ போயிருக்கிறது. "விசில் சத்தம்" பற்றிக் கேட்பார்கள். மெல்லிய விசில் டர்போவின் மூச்சு. உலோகம் உரசுகிற மாதிரி ஊளை கேட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வண்டியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். உள்ளே இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியருக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக இருக்கும், அதனால் மாற்றுவதே தெரியாது. ஆனால் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால், நாமும் பின்னாலேயே அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், கிளட்ச் பாதி பிடித்துப் பாதி நழுவி வெந்துபோகும். ஒரு கோடை ஞாயிறு மலை முழுக்க நெரிசலில் ஊர்ந்து வந்த ஒரு வண்டி மறுநாள் எங்கள் கடைக்கு டயர் மாற்ற வந்தது. கடைக்குள் ஏற்றும்போதே தாடை நடுங்குகிற மாதிரி ஆடியது.

சோதனை இதுதான். வண்டியில்லாத ஒரு ஏற்றத்தில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நிறுத்துங்கள். பிரேக்கில் இருந்து காலை எடுத்து மெல்லக் கிளம்புங்கள். முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நடுக்கம் இருக்கிறதா? பிறகு மேலே போய் ஒரு சமதளத்தில் டி (முன்னால்), ஆர் (ரிவர்ஸ்), டி என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று மாற்றுங்கள். போட்ட பிறகு இரண்டு விநாடி யோசித்து "டப்" என்று பிடித்தால் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். கியர்பாக்ஸ் வேலை என்றால் லட்சத்தில் வரும். வாங்கிய பிறகு உங்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும்: நெரிசலில் முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு வண்டி நீளம் இடைவெளி வரும் வரை பிரேக்கில் நின்று, அப்புறம் ஒரே மூச்சில் நகருங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் தலைமுறைக்கு, சாவியைப் போட்டவுடன் இஎஸ்பி (வண்டி வழுக்காமல் பார்ப்பது), ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), இன்ஜின், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், எரிவதைவிட அது மோசம். இங்கே என் தொழில் சம்பந்தமாக ஒன்று. நாலு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மற்றதைவிடச் சின்னதாக இருந்தால் அது வேகமாகச் சுற்றும், கம்ப்யூட்டர் அதை வழுக்கல் என்று நினைத்து அந்தச் சக்கரத்தைப் பிடிக்கப் பார்க்கும். அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைச் சரிபார்த்து நேராக்காமல் விட்டாலும் இதே தொந்தரவு. கடைக்காரரிடம் "சென்சார் கேலிபரேட் பண்ணிட்டீங்களா" என்று கேளுங்கள். பழைய வண்டிக்கு டோ, கேம்பர் பார்த்து அனுப்பினால் வேலை முடிந்தது. இன்றைய வண்டிக்கு அது பாதி வேலை.

மேலே ஏரிக்கு வந்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போ ஆறட்டும். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஏசித் தண்ணீர் சொட்டினால் சரி. எண்ணெய்ச் சொட்டு என்றால் எங்கே இருந்து என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இறங்கும்போது

ஏறும்போது இன்ஜினைத் தெரிந்துகொள்வோம், இறங்கும்போது பிரேக்கை. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள், மலைச் சட்டம் அது.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது பழைய வழக்கம், அப்பாவின் பாலியோவுக்கு அது சரியாக இருந்தது. 1 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ வண்டிகளில் இன்ஜின் சின்னது, பிடித்து நிறுத்தும் சக்தியும் குறைவு. ஆகவே இன்னும் ஒரு கியர் கீழே போடுங்கள். இரட்டை கிளட்ச் வண்டியில் டி-யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கையால் மாற்றும் நிலைக்குத் தள்ளி இரண்டாவதில் வையுங்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயதில், முதல்முறை தனியாக இறங்கியபோது, வழி முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். அறுபது அடி பாலத்துக்குப் பக்கம் வரும்போது லைனிங் கருகிய வாசம். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்து மண்ணில் நிறுத்தினேன். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடலுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும் என்று அன்றுதான் என் உடம்பில் ஏறியது.

நேரான இறக்கத்தில் ஒரு முறை நிதானமாக, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் காலில் துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது.

இன்னொரு சோதனைக்கு ஒரு நண்பர் பின்னால் வேறு வண்டியில் வர வேண்டும். கியரிலேயே, ஆக்சிலரேட்டர் தொடாமல் நீளமாக இறங்கிவிட்டு, சமதளம் வந்ததும் அழுத்துங்கள். அந்த நொடியில் சைலன்சரில் நீலப் புகை கக்கினால் இன்ஜினுக்குள் எண்ணெய் இறங்குகிறது, வால்வ் சீலோ டர்போ சீலோ போயிருக்கிறது. சேலம் ரோட்டில் எத்தனை தடவை ஓட்டினாலும் இந்தப் புகை வெளியே வராது.

அடிவாரத்தில் நிறுத்தி, நாலு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். முன் இரண்டும் ஒரே அளவு அனல் அடிக்க வேண்டும், பின் இரண்டும் ஒரே அளவு குறைவாக. ஒன்று மட்டும் கூட அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் டிஸ்கைக் கவ்வும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூட்டில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

அப்புறம் காகிதம்

இந்த வகை வண்டியை வாங்கியவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து திறனைக் கூட்டியிருப்பார்கள், சைலன்சரை மாற்றியிருப்பார்கள். நேராகக் கேளுங்கள், பெருமையாகவே சொல்லிவிடுவார்கள். பதிவில் உள்ள தயாரிப்பு விவரத்தில் இருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை, இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ரீமேப் செய்த வண்டியில் கிளட்சும் கியர்பாக்ஸும் தங்களுக்கு அளந்து கொடுத்ததைவிட அதிகமாகச் சுமந்திருக்கும். எனக்கு அப்படி ஒரு வண்டி வேண்டாம். பதினைந்து வருடம் நெருங்கும் வண்டி என்றால் ஆர்சி புதுப்பிப்பு செலவையும் பசுமை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்தத் தம்பியின் போலோவில் முன் டயர் இரண்டும் வெளி ஓரம் தேய்ந்திருந்தன, லோயர் ஆர்ம் புஷ் "டொக்" என்றது. கியர்பாக்ஸ் நடுங்கவில்லை, இருபதாவது வளைவு வரை இழுவை குறையவில்லை, நீலப் புகை வரவில்லை. தேய்மானத்துக்கு எல்லாம் ஒரு தொகை எழுதி, அதைக் கழித்துக் கேட்கச் சொன்னேன். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். மறுநாளே எங்கள் லிஃப்டில் ஏற்றினோம். முதலில் புஷ், அதன் பிறகுதான் டயர், அதற்கும் பிறகு அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் புது டயர் மூன்று மாதத்தில் பழைய டயர் மாதிரியே ஆகிவிடும். இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றும் மாற்றினோம். கடைசியாக ஸ்டீயரிங் சென்சாரை நேராக்கி, அலைன்மென்ட் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து, ஐயாயிரம் கிலோமீட்டரில் டயரைத் தடவிப் பார்க்க வரச் சொன்னேன்.